முதற்பால் வெள்ளை

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். கலியாணத்துக்கு வந்த சுவர்க் கடிகாரத்தை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அதனால் அந்த நேரம் எனக்கு மறக்கவில்லை. ஏழு வயது மகள் சீமெந்து நிலத்தில் குந்தியிருந்து சிலேட்டில் ஒரு வீடு கீறிக்கொண்டிருந்தாள். கூரைக்குக் கோடு இழுத்த கை நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. சிலேட்டின் மரச்சட்டத்தைத் தாண்டி நிலத்திலும் இழுத்துக்கொண்டு போயிற்று. குறும்பு செய்கிறாள் என்று நினைத்து அதட்டினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, கை சொல்லுக் கேக்குதில்லை" என்றாள்.

அவளுடைய தலையை ஒரு வெள்ளைச் சீலைத் துண்டு இறுக்கிச் சுற்றியிருந்தது. சுற்றியவள் நான். காலை எட்டு மணிக்குச் சுற்றினேன்.

அந்த நாளை எழுதவேண்டுமானால் அந்த மனிதரைப் பற்றி எழுதாமல் முடியாது. அவருக்கு ஒரு பெயர் இருந்தது. எங்கள் வாய்க்கால் ஓரத்தில் யாரும் அதைச் சொன்னதில்லை. ஊருக்கு அவர் மருந்துக்காரர். எனக்கு அண்ணை. நான் கலியாணத்துக்கு முன் இரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள் என்பதால் அவர் என்னைக் கடைசிவரை ரீச்சர் என்றே கூப்பிட்டார்.

ஐம்பதுகளின் நடுவில், யாழ்ப்பாணத்திலிருந்து அக்கராயன் குளத்துக்குக் கீழே காணி கிடைத்து வந்த குடும்பங்கள் நாங்கள். குளத்துத் தண்ணீரில் நெல். வீட்டோடு சேர்ந்த மேட்டுக் காணியில் கிணற்றுத் தண்ணீரில் மிளகாய். அண்ணையின் காணி எங்களுடையதற்கு அடுத்தது. எங்கள் காணி வரிசையில் முதன்முதலாக முதுகில் கொளுவும் பூச்சிமருந்து மிசின் வாங்கியவர் அவர்தான். நெடுத்த, காய்ந்த உடம்பு. சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டி, பித்தளை மிசினை முதுகில் ஏற்றி, ஒரு கையால் அடித்துக்கொண்டு மறு கையால் குழாயை வீசிக்கொண்டு போவார். மூக்கை மூடமாட்டார். மணம் வராவிட்டால் மருந்து வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும் என்று கேட்பார். மற்றவர்கள் பேனை வைக்கிற சட்டைப் பையில் அவர் முதன்முதலாக வாங்கிய மருந்துத் தகரத்தின் மூடியை வைத்திருந்தார். அதுதான் அவருடைய அளவு.

அவருக்கு எதைக் கண்டாலும் வாயில் வருவது ஒரே சொல். காணாது. போதாது என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். தேத்தண்ணி கொடுத்தால் சீனி காணாது. கோயிலில் மேளம் அடித்தால் சத்தம் காணாது. குளம் நிரம்பி வான் பாய்கிற நாளிலும் மழை காணாது என்பார். இதைக் குறையாகச் சொல்லமாட்டார், சிரித்துக்கொண்டே சொல்வார். பிறருக்குக் கொடுக்கும்போதும் அவருக்கு அதே கணக்குத்தான். பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குள் போய் வந்தால் என் மகளுக்கென்று ஒரு பனையோலைப் பெட்டி நிறையப் பழம் வரும். வயிற்றால் போகும் அண்ணை, காணும் என்று நான் சொன்னாலும் இன்னொரு கை அள்ளிப் போடுவார். புருஷன் நோயாய்ப் படுத்திருந்த ஒரு வீட்டுத் தோட்டத்துக்குத்தான் முதலில் மருந்தடிப்பார். தன்னுடையதற்குக் கடைசியில்.

மருந்துத் தகரத்தில் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. புதுத் தகரம் வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருவார். நான் வாசித்துத் தமிழில் சொல்லவேண்டும். இவ்வளவு தண்ணீருக்கு இவ்வளவு மருந்து. தோலில் படக்கூடாது. சாப்பாட்டுச் சாமானுக்குக் கிட்ட வைக்கக்கூடாது. பிள்ளைகளுக்கு எட்டக்கூடாது. அவர் கைகட்டி நின்று, தேவாரம் கேட்பதுபோல் தலையசைத்துக் கேட்பார். முழுவதும் கேட்ட பிறகு சொல்வார்:

"அது வெள்ளைக்காரன்ரை பூச்சிக்கு எழுதினது, ரீச்சர். எங்கடை வன்னிப் பூச்சிக்கு உது காணாது."

நான் சிரித்தேன். ஒவ்வொரு முறையும் சிரித்தேன். அந்த எழுத்தை எங்கள் வரிசையில் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பது இப்போது என்னை என்ன செய்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த மருந்தைத் தண்ணீரில் விட்டால் தண்ணீர் வெள்ளையாகும். அண்ணை அவுன்ஸ் பார்த்து அளப்பதில்லை, நிறத்தைப் பார்த்து அளப்பார். அந்த நிறத்துக்கு அவர் குசினியிலிருந்து பெயர் எடுத்திருந்தார். முதல் வருடம் அவர் கலந்தது கப்பிப்பால் வெள்ளை, தேங்காய்ப்பூவைக் கடைசியாகப் பிழியும்போது வருகிற தண்ணிப் பால் இருக்கிறதே, அந்த நிறம். அதற்கே எல்லாம் செத்தது. பின்னேரம் அடித்தார், விடியப் போய்ப் பார்த்தால் மிளகாய்க் கன்றுகளின் அடியில் பச்சைப் புழுக்கள் கொட்டிக் கிடந்தன. வேறு வரிசைகளிலிருந்து பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வருடம் எங்கள் காணிகளில் காய்த்த மிளகாயைப்போல் அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. மிசின் கழுவிய தண்ணீர் வாய்க்காலில் போய் மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்ததை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அதுகள் ஏன் குறுக்கே வந்தன என்று அண்ணை பகிடி விட்டார்.

அடுத்த வருடம் அடித்து இரண்டு கிழமைக்குள் புழு திரும்பி வந்தது. காணாது என்றார் அண்ணை. கலவை இரண்டாம் பால் வெள்ளைக்கு வந்தது. மூன்றாம் வருடம் முதற்பால். குழம்புக்கு இறக்கும்போது விடுகிற, கெட்டியான, முதற்பால். அதற்குள் தோட்டத்தில் சிலந்தி வலை இல்லை. காயில் துளை போடும் புழுவைத் தேடித் தின்னும் குளவிகள் இல்லை. தும்பி இல்லை. புழு மட்டும் இருந்தது.

ஒரு காலை அவர் எங்கள் வாசற்படியில் வந்து குந்தினார். ஒரு கையில் சிரட்டை, அதில் கலந்த மருந்து. மறு உள்ளங்கையை விரித்தார். உள்ளே ஒரு பச்சைப் புழு. முதல்நாள் பின்னேரம் முதற்பால் வெள்ளையில் அடித்த தோட்டத்திலிருந்து உயிரோடு பொறுக்கியது. அதைப் படியில் விட்டு, சிரட்டையிலிருந்து ஒரு சொட்டை அதன் முதுகில் விட்டார். புழு சுருண்டது. செத்துவிட்டது என்று மூச்சு விட்டேன். கொஞ்ச நேரத்தில் அது நிமிர்ந்தது. தலையை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போகிற திசையில் ஊரத் தொடங்கியது.

"பாருங்கோ ரீச்சர், முழுகிப்போட்டு ஆள் வீட்டுக்கை வாறார்."

அவர் குலுங்கிச் சிரித்தார்.  விளக்குமாற்றுக் கட்டையால் அதை நசுக்கினேன். ஒரு முறை போதும். ஆனால் மூன்று நான்கு முறை நசுக்கினேன்.

அவருக்கு மருந்து தோற்றுப்போகும் என்ற எண்ணமே வராது. வந்து குடியேறிய காலத்தில் மலேரியாக்காரர் வந்து வீட்டுச் சுவர்களுக்கெல்லாம் டி.டி.ரி. அடித்துவிட்டுப் போவார்கள். முதல் முறை அடித்தபோது நுளம்போடு கட்டில் சந்துகளில் இருந்த மூட்டைப்பூச்சிகளும் வெளியே வந்து செத்தன. மூன்றாம் நான்காம் முறைக்குப் பிறகு மூட்டை முன்பைவிடக் கூடிவிட்டது. சுவருக்கு அடித்தால் மூட்டை கிளம்பும் என்று சிலர் அவர்களை வீட்டுக்குள் விடாமல் மறித்தார்கள். அண்ணை மட்டும் மறிக்கவில்லை. அவர்கள் தண்ணீரைக் கூடக் கலந்துவிட்டார்கள் என்று சொல்லி, தன் வீட்டுக்கு இரண்டு தரம் அடிக்கச் சொல்லிப் பின்னால் திரிந்தார்.

விவசாய இலாகாவிலிருந்து ஓர் இளம் உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்து, கூட்டுறவுச் சங்கக் கடை விறாந்தையில் ஒரு நாள் கூட்டம் வைத்தார். பெண்கள் நாங்கள் மதில் ஓரம் நின்று கேட்டோம். விதைக்கு எந்த மிளகாய்ப் பழத்தை எடுத்து வைப்பீர்கள் என்று அவர் கேட்டார். நல்ல கன்றில் நல்ல பழம் என்று எல்லோரும் சொன்னார்கள். புழுவிலும் அப்படித்தான், என்றார் அவர். எல்லாப் புழுவும் ஒன்று அல்ல. கனக்கப் புழுவுக்குள் ஒன்றிரண்டு பிறப்பிலேயே மருந்தைத் தாங்கும். மருந்து அடிக்கிறபோது தாங்காதவை செத்துவிடும். தாங்கினவைதான் மிஞ்சி, பூச்சியாகி, ஒன்றோடொன்று சேர்ந்து முட்டையிடும். அந்தக் குஞ்சுகள் தாய் தகப்பனைப்போலத்தான் இருக்கும். திரும்பவும் அதே மருந்தை அடிக்க, இன்னும் வலியவை மிஞ்சும்.

"அண்ணை மருந்தடிச்சு நல்ல புழுவாய்ப் பார்த்து விதைக்கு வைக்கிறார்" என்று முடித்தார். கூட்டம் சிரித்தது.

அண்ணை எழும்பினார். "தம்பி, அப்ப அந்த விதைப் புழுவும் சாகிற அளவுக்கு அடிச்சால் சரிதானே?"

"அந்த அளவுக்கு அடிச்சால் முதல் சாகிறது நீங்கள்."

அதற்கும் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார். நான் வீட்டுக்கு வந்து, விதைக்கென்று சுளகில் காயவைத்திருந்த பழங்களைப் பார்த்தேன். அவற்றைத் தொடக் கை கூசிற்று. உத்தியோகத்தர் சொன்னது எனக்கு நன்றாக விளங்கியிருந்தது. தோட்டத்துக்கு விளங்கியது. என் பிள்ளையின் தலைக்கு அதை நான் பொருத்திப் பார்க்கவில்லை.

அவரை ஒரு முட்டாளாக நினைத்து வாசிக்கவேண்டாம். ஒரே ஒரு நாள், மிளகாய் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, கேளாமலே ஒரு கதை சொன்னார். குடியேறிய முதல் மாரியில் அவருடைய ஒரே மகன் காய்ச்சலில் போனவன். வரிசை முழுக்கக் காய்ச்சல். வந்த மருந்துத் தண்ணி கொஞ்சம்.

"எல்லாருக்கும் பங்கிட்டுக் குடுத்தாங்கள், ரீச்சர். ஆளுக்குக் கொஞ்சம். அவனுக்குக் காணாமல் போட்டுது."

சொல்லிவிட்டுக் குனிந்து பிடுங்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு அளவைப் பற்றி அவரோடு வாதாட எனக்கு வாய் வந்ததில்லை. அவருடைய விரல்கள் அந்த நாட்களில் நடுங்கத் தொடங்கியிருந்தன. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். ஒரு பக்கத்து இமை துடித்துக்கொண்டே இருக்கும். வயது என்பார். அவருக்கு அப்போது நாற்பது தாண்டியிருக்காது.

அவர் இப்போது எங்கே என்று எனக்குத் தெரியாது. உடையார்கட்டுப் பக்கம் காணி எடுத்துக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். நடந்ததற்கெல்லாம் பிறகும் அடுத்த போகத்தில் எங்கள் வரிசை அவரைத்தான் மருந்தடிக்கக் கூப்பிட்டது. அவர் வரவில்லை. மிசினை யாருக்கோ கொடுத்துவிட்டார். நானோ இன்றைக்கும் எந்த மருந்துக் குப்பியையும் மூன்று முறை வாசிக்காமல் திறப்பதில்லை. வாசித்த பிறகும் எழுதியதில் பாதிதான் ஊற்றுவேன். போன வருடம் இளைய மகனுக்கு நெஞ்சுச்சளி பிடித்து மாறாமல் இழுத்தபோது, மருந்தைக் குறைத்துக் கொடுத்தீர்களா என்று டாக்குத்தர் என்னைக் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன். குறைத்துக் கொடுத்தாலும் கிருமி பலத்துவிடும் என்று அவர் ஏசினார். கூட்டினாலும் பயம், குறைத்தாலும் பயம். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் பிள்ளை வளர்க்கிறேன்.

பேனுக்கு வருகிறேன்.

மகளுக்கு இடுப்புக்குக் கீழே விழுகிற தலைமயிர். பள்ளிக்கூடத்தில் ஒரு வாங்கில் நாலு பிள்ளைகள் தலையோடு தலை முட்டிக்கொண்டு இருப்பதால் எல்லோருக்கும் பேன். முதலில் அண்ணைதான் எங்கிருந்தோ டி.டி.ரி. தூள் கொண்டுவந்தார். தலையில் தூவிச் சீலையால் கட்டினோம். அவிழ்த்தபோது சீலை முழுக்க எள்ளுக் கொட்டியதுபோல் பேன். அடுத்த வருடம் அதே தூளைத் தூவியபோது பேன்கள் மயிருக்குள் சும்மா நடந்தன. அதற்குப் பிறகுதான் தோட்டத்து மருந்தில் ஒரு மூடியைத் தேங்காயெண்ணெயில் விட்டுத் தேய்க்கும் வழக்கம் எங்கள் வரிசையில் வந்தது. முதல் முறை எல்லாம் செத்தது. இரண்டாம் முறை கொஞ்சம் மிஞ்சியது. ஒரு பிள்ளைக்குத் தலையிடியும் வாந்தியும் வந்தது. வெயில் என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

ஆவணி விடுமுறை. சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஊர்க் கோயில் தேருக்கு எங்கள் வரிசையில் பாதிக் குடும்பங்கள் யாழ்ப்பாணம் போகத் தயாராகின. என் கணவர் என் மாமியார் வீட்டுக்கு அரிசி கொண்டு இரண்டு நாள் முந்தியே போய்விட்டார். நானும் பிள்ளையும் சனிக்கிழமை பஸ்ஸில் போவதாக இருந்தது. முந்திய தேருக்குப் போனபோது மாமியார் ஆட்கள் நிறைந்திருந்த விறாந்தையில் பிள்ளையின் தலையைப் பிரித்துப் பார்த்து, வன்னியிலிருந்து இதைத்தானா கொண்டுவந்தீர்கள் என்று கேட்டவர். அவர் சொன்ன தொனியும், சுற்றியிருந்தவர்கள் கதிரைகளைக் கொஞ்சம் பின்னால் இழுத்ததும் ஒரு வருடமாக என் காதில் இருந்தது.

வியாழன் பின்னேரம் அண்ணையிடம் கேட்டேன். ஒரு சின்னக் குப்பியில் மருந்து தந்தார். அவர் அளவைக் குறைத்துச் சொன்னதை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன்.

"இது புதுத் தகரம், ரீச்சர். கடுமை போலை கிடக்கு. ஒரு மூடிக்கு மேலை வேண்டாம். மத்தியானத்துக்கு முன்னம் முழுக வார்த்துப் போடுங்கோ. மிச்சத்தைக் கத்தரிக்கு அடியுங்கோ."

வெள்ளிக்கிழமை காலை ஒரு மூடி விட்டுத் தேய்த்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துச் சீப்பால் வாரினேன். பேன்கள் சீப்பில் ஓடின. காணாது. அந்தச் சொல்லை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானே சொன்னேன். குப்பியில் இருந்த முழுவதையும் எண்ணெயில் கவிழ்த்து, கோப்பையின் அடியை விரலால் வழித்துத் தேய்த்தேன். எரிகிறது என்று மகள் சொன்னாள். பொறு குஞ்சு, அப்பம்மா வீட்டை வடிவாய்ப் போகவேணும் என்றேன். சீலையை இறுக்கிக் கட்டினேன். மத்தியானம் அவிழ்த்துப் பார்த்தேன். இன்னும் சில உயிரோடு இருந்தன. திரும்பக் கட்டிவிட்டேன்.

மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் கை ஆடியது. கால் மணிக்குள் வாய் கோணி, கண் மேலே சொருகி, உடம்பு பலகைபோல் விறைத்தது. என் சத்தத்துக்கு அயல் பெண்கள் ஓடி வந்தார்கள். வலிப்பு என்று ஒருவர் பெட்டகம் திறக்கிற இரும்புத் திறப்பைப் பிள்ளையின் கையில் வைத்து அழுத்தினார். உச்சி வெயிலில் குளக்கட்டில் நின்றிருக்கிறாள், எதையோ கண்டு பயந்துவிட்டாள் என்றார் இன்னொருவர். ஒருவர் திருநீறு எடுக்கப் போனார். நான் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். எனக்குத் தெரியும். அந்தச் சீலைக்குள் என்ன இருக்கிறது என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால், கடிகாரத்தில் ஏழு நிமிடம்.

அண்ணை தோட்டத்திலிருந்து மிசினோடேயே ஓடி வந்தார். குழாயிலிருந்து வெள்ளையாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மிசினை வெளியே எறிந்துவிட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் குந்தி, சீலையை மணந்து பார்த்தார்.

"எத்தினை மூடி?"

"ஒண்டு" என்றேன்.

யன்னல் தட்டில் குப்பி இருந்தது. வெறுங்குப்பி. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எழும்பிக் குப்பியை எடுத்துச் சாரத்து மடியில் செருகினார். பிள்ளையைத் தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார். சீலையைப் பிய்த்து எறிந்து, சவர்க்காரம் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்ததும் கையை நீட்டியவர் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நீங்கள் தேயுங்கோ. என்ரை கை கூடாது."

ஒரு பெண் தேய்த்தார், இன்னொருவர் வாளி வாளியாக ஊற்றினார். அண்ணை இரண்டு கையையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, இன்னும், இன்னும் என்று கத்திக்கொண்டு நின்றார். நான் அந்தக் கைகளைப் பார்த்தேன். என் கைகளும் அதே மணம்தான் மணந்தன. என்னைத் தேய்க்கவிடவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் தள்ளி நின்றேன்.

சங்கத்து உழவு யந்திரத்தின் பெட்டியில் வைக்கோலைப் பரப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கிரவல் ரோட்டில் பெட்டி தூக்கித் தூக்கிப் போட்டது. பாதி வழியில் மறுபடி வலிப்பு இழுத்தது. அது விட்ட பிறகு, மூச்சு வருகிறதா என்று அவளுடைய மூக்கடியில் என் கன்னத்தை வைத்துக்கொண்டே போனேன். காற்று எது, மூச்சு எது என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் இல்லை என்றுதான் முதலில் தோன்றும்.

ஆஸ்பத்திரியில் டாக்குத்தர் ஒரு பிரசவத்தில் நின்றார். டாக்குத்தருக்கு அடுத்தபடியான அப்போதிக்கரிதான் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டதும் அண்ணை முன்னுக்கு வந்தார். தோட்டத்து மருந்து, பேனுக்கு, நான்தான் கலந்து கொடுத்தேன் என்றார். எவ்வளவு என்று கேட்டார் அப்போதிக்கரி.

"ஒரு மூடி" என்றார் அண்ணை.

என்னுடைய பொய்யை அவர் தன் வாயால் சொன்னார். நான் அதற்கும் பேசாமல் இருந்தேன்.

ஊசி போட்டார்கள். தலைமயிரை ஒட்ட வெட்டச் சொன்னார்கள். வயதான ஆயா ஒருவர் நிலத்தில் பத்திரிகைக் கடதாசி விரித்து, கத்தரிக்கோலால் வெட்டி வெட்டிப் போட்டார். அந்த மயிர் அவ்வளவும் ஒரு குவியலாகக் கிடந்தது. ஆயா வெட்டுவதை நிறுத்திக் குனிந்து பார்த்தார்.

"இஞ்சை பாருங்கோ பிள்ளை. இதுகள் ரெண்டு மூண்டு இன்னும் ஓடித் திரியுது."

அண்ணை வந்து பார்த்தார். கடதாசியின் வெள்ளை ஓரத்தில் ஒரு பேன், அவசரம் இல்லாமல், மயிர்க் குவியலிலிருந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. கட்டிலில் என் பிள்ளை அசைவில்லாமல் கிடந்தாள். அவர் சுவரோடு சரிந்து நிலத்தில் குந்திவிட்டார். இரண்டு கையையும் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டார். அவருடைய பற்கள் அடித்துக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது.

இன்னொரு முறை இழுத்தது. இன்னொரு ஊசி. வெளியே வெயில் மஞ்சளாகி இறங்கிக்கொண்டிருந்தது. கடவுளிடம் என்ன கேட்டேன் என்று ஞாபகம் இல்லை. எதையாவது கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று யோசித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆறரை மணிபோல் டாக்குத்தர் வந்தார். கழுவிய கைகளில் ஈரம் காயவில்லை. பிள்ளையின் இமையைத் தூக்கிப் பார்த்தார், நாடி பிடித்தார். அப்போதிக்கரி எழுதியதை வாசித்துவிட்டு, ஒரு மூடிக்கு இப்படி வராதே என்றார். அண்ணை எழும்பி, மூடி கொஞ்சம் பெரிது என்று சொல்லத் தொடங்கினார்.

"இல்லை" என்றேன். "குப்பி முழுக்க. அவர் ஒரு மூடிதான் சொன்னவர். நான்தான் விட்டனான். காலமை எட்டு மணிக்கு."

 அண்ணை மடியிலிருந்து வெறுங்குப்பியை எடுத்து நீட்டினார். டாக்குத்தர் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து எவ்வளவு கொள்ளும் என்று பார்த்தார். அப்போதிக்கரியிடம் ஏதோ மாற்றி எழுதச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கழுவினபடியால் பிள்ளை தப்பும், அம்மா. விடியிறதுக்குள்ளை இன்னொருக்கால் இழுத்தாலும் பயப்படாதேங்கோ. நாங்கள் நிக்கிறம்."

 ஆயா என்னைக் கட்டில் ஓரத்தில் இருத்தினார். டாக்குத்தர் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டே அண்ணையிடம் கேட்டார்:

"இப்பிடி வேறை ஆருக்கும் குடுத்தனீரோ?"

அண்ணையின் இமை துடித்தது. தேருக்குப் போகிறோம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்ததாகச் சொன்னார். எத்தனை வீடு என்று டாக்குத்தர் கேட்டார். ஏழு. எப்போது தேய்ப்பார்கள்? இன்றைக்கு வெள்ளி, பெண்பிள்ளைகள் முழுகுகிற நாள், சிலர் தேய்த்திருப்பார்கள், சிலர் நாளைக்குத் தேய்ப்பார்கள்.

டாக்குத்தர் வாசலுக்குப் போய் அம்புலன்ஸ் சாரதியைக் கூப்பிட்டார். திரும்பி வந்து அண்ணையின் தோளில் கை வைத்து அவரை வாசல் பக்கம் தள்ளினார்.

"முன்னுக்கு ஏறும். போய்ச் சேருமட்டும் ஒவ்வொரு பிள்ளையின்ரை பேராய் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போம். ஒரு பேர் விடுபடக் கூடாது."